கடைமடைக்காரன் கைதட்டாத காரணம்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் வால் பகுதி. மேட்டூரில் பூத்தூவித் தண்ணீர் திறப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பத்துப் பதினைந்து நாள் ஆன பிறகும் எங்கள் வாய்க்காலில் தவளை நனைந்திருக்காது. மேலே இருப்பவன் என்றால் யார் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாளே பாகிஸ்தானோடு செய்திருந்த சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. எங்கள் டீக்கடையில் ஒரே ஆரவாரம். "இனி ஒரு சொட்டுகூட விடக் கூடாது மாமா" என்றான் என் அக்கா மகன். எனக்கும் ரத்தம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பழக்கமான பேச்சு. காவிரிச் சண்டையில் எங்களைப் பார்த்துச் சொன்னது.

1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம், ஆண்டுக்கு 205 டிஎம்சி தமிழ்நாட்டுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதைச் செல்லாததாக்கக் கர்நாடகம் ஓர் அவசரச் சட்டமே கொண்டுவந்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாவதா என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அந்த டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டார்கள். என் பெரியப்பா மகன் ஒரே ஒரு பையோடு ஊர் வந்து சேர்ந்தார். பையில் இருந்தவை இரண்டு வேட்டியும் ரேஷன் கார்டும்.

சிந்து ஒப்பந்தம் 1960இல் நேருவும் அயூப் கானும் கராச்சியில் கையெழுத்திட்டது. ராவி, பியாஸ், சட்லெஜ் நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 1965, 1971, கார்கில் என்று மூன்று சண்டைகளிலும் அது முறியவில்லை. இருவரும் சேர்ந்து இன்னோர் ஒப்பந்தம் போடும் வரை இது நடப்பில் இருக்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2023இல் இந்தியா அதைத் திருத்தப் பேச வரும்படி நோட்டீஸ் அனுப்பியது. அது முறையான வழி. பயங்கரவாதத்தை வளர்ப்பவனிடம் என்ன முறை என்று கேட்பீர்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் துப்பாக்கி பிடித்தவனை விட்டுவிட்டு, பாகிஸ்தான் பஞ்சாபின் கோடியில் நாற்று விட்டவனின் மடையில் கை வைப்பதை என்னால் ரசிக்க முடியவில்லை. (அந்த மூன்று ஆறுகளையும் தேக்கி நிறுத்துகிற அளவுக்கு நம்மிடம் அணைகளும் இல்லை. டீக்கடையில் இதை யாரும் கேட்கத் தயாராக இல்லை.)

இன்னொன்று. பிரம்மபுத்திராவில் நாமே கீழ்மடை. மேலே சீனா பெரிய அணை கட்டுகிறது. அந்த நாட்டோடு நமக்குத் தண்ணீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் கிடையாது. வெள்ளக் காலத்து நீர்மட்டக் கணக்கைத் தருவதற்கு இருந்த உடன்பாடும் 2023இல் காலாவதியாகிவிட்டது. நாளை அவர்களிடம் எந்த வாயால் சட்டம் பேசுவோம்?

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தந்த தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 404.25 டிஎம்சி. கேட்டதைவிடக் குறைவு, நடுவர் மன்றம் தந்ததைவிடவும் குறைவு. ஆனாலும் ஓடும் ஆறு எந்த ஒரு மாநிலத்தின் தனிச் சொத்தும் அல்ல என்ற வாதம் அங்கே நின்றது. அதற்குத் துணையாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டவற்றில் நாடுகளுக்கிடையே ஓடும் ஆறுகளுக்காக 1966இல் வகுத்த ஹெல்சிங்கி விதிகளும் உண்டு. யாரோ இரண்டு நாட்டுக்காரர்கள் சண்டை போட்டுப் பெற்ற நியாயத்தில்தான் என் மூன்று மா நிலம் நனைகிறது. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் தண்ணீரை அளப்பதும் நம் ஆளோ கர்நாடக ஆளோ அல்ல, மத்திய நீர் ஆணையம். அந்தக் கணக்கையும் நம்ப மாட்டோம் என்று ஒரு தரப்பு சொல்லிவிட்டால் பிறகு பேச என்ன மிச்சம்?

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 2023 செப்டம்பரில் குறுவை கருகிக்கொண்டிருந்தபோது, என் முறை முடிந்த இரவில் வாய்க்காலை மண் மூட்டை வைத்து அடைத்தவன் நான். விடிந்ததும் கீழ்வயல்காரர் வந்தார். என் அப்பா வயது அவருக்கு. ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து என் வரப்பில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போனார். சாக்கு மக்கிப் புல் முளைத்துவிட்டது. நான் இன்னும் அவற்றை எடுக்கவில்லை.