வெள்ளை போர்டு டிராக்டரும் வாடகை லோடும்

கரும்பு அரவை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் டீக்கடைப் பேச்சே மாறிவிடும். கரும்பை வெட்டச் சொல்லி ஆலை தரும் வெட்டு ஆர்டர் யாருக்கு வந்தது, வெட்டு கூலி எவ்வளவு, அப்புறம் இன்றைக்கு எந்த ரோட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் நிற்கிறார். இந்த மூன்றாவது கேள்வியைத்தான் நாம் தப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. பயப்பட வேண்டியது ஃபைனுக்கு அல்ல, இன்சூரன்ஸ் பாலிசிக்கு.

சொந்த வயல் கரும்பைச் சொந்த டிராக்டரில் ஏற்றிப் போகும் வரை பெரிய சிக்கல் இல்லை. விவசாய டிராக்டர் என்று பதிவு செய்து வெள்ளை நம்பர் போர்டு கொடுத்ததே அதற்குத்தான். பக்கத்து வயல்காரரிடம் லோடுக்கு இவ்வளவு என்று பேசி ஏற்றிய நிமிடத்தில் அது சரக்கு வாகனம். பர்மிட், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), அதற்கான வரி, அதற்கான இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். பின்னால் மாட்டும் டிப்பருக்கும் தனி ஆர்.சி., தனி நம்பர் உண்டு. பழைய டிப்பர் வாங்கியவர்களில் எத்தனை பேர் பெயர் மாற்றியிருப்போம்?

சட்டம் போட்டவர்கள் எங்கள் ஊர் வாய்க்கால் கரையைப் பார்த்ததில்லை, அதுவும் உண்மை. லாரி அந்தக் கரையில் இறங்காது. ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் டிராக்டர் வாங்க முடியாது. அவர் கரும்பு ஆலைக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்துக்காரர் டிராக்டர்தான் வர வேண்டும், அவரும் டீசலை இனாமாக ஊற்ற மாட்டார். அரவைப் பருவத்துக்கு மட்டும் குறைந்த கட்டணத்தில் ஒரு அனுமதி கொடுத்தால் பாதிப் பேர் தாமாகவே வரிசையில் நிற்பார்கள். கொடுக்காதவரை இருக்கிற சட்டம்தான் சட்டம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஃபைன் தொகையும் சின்னது இல்லை. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000. அதிக பாரம் என்றால் 20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஐந்து டன் கூடுதலாக ஏற்றினால் மொத்தம் 30,000. கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றால் அதற்கென்று தனியாக 20,000 இருக்கிறது. பிடித்தால் அந்தப் பருவத்து வாடகையில் ஒரு நல்ல பங்கு போய்விடும். போனாலும் அடுத்த பருவத்தில் சம்பாதித்துக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸ் அப்படி இல்லை. 'விவசாயப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று பாலிசியில் இருந்து, வாடகை லோடோடு ஒரு பைக்காரர் மேல் மோதினால், கம்பெனி முதலில் கேட்பதே வண்டி எதற்குப் போனது என்பதைத்தான். பல வழக்குகளில் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வரும். அந்த வசூல் நிலத்தின் மேல்தான் வந்து நிற்கும்.

2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னதைச் சிலர் எல்லாவற்றுக்கும் கேடயமாகக் காட்டுகிறார்கள். சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. டிரைவர் லைசென்ஸ் பற்றிய விஷயம் அது. பர்மிட்டையோ பாலிசியையோ அது தொடவில்லை.

லோடு மேல் ஆள் உட்காருவது இதைவிட மோசம். டிராக்டரில் சீட் ஒன்றுதான், அது டிரைவருக்கு. மட்கார்டில் உட்கார்ந்தவருக்கும் கரும்புக் கட்டு மேல் படுத்துத் தூங்கும் வெட்டு ஆளுக்கும் இழப்பீடு கேட்டுப் போனால், பெரும்பாலும் கம்பெனி கையை விரித்துவிடும். 2022 அக்டோபரில் கான்பூர் பக்கம் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நம் ஊரிலும் காதுகுத்துக்கு டிப்பரில்தானே போகிறோம்.

காசு செலவில்லாத வேலைகளைக்கூட நாம் செய்வதில்லை. டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு. உழும்போது திரும்ப வசதியாகத் தனித்தனியாக விட்டிருப்போம். ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டையும் கொக்கியால் சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துப் புரளும். நம் டிப்பர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது, இறக்கத்தில் லோடு டிராக்டரைத் தள்ளும். டெயில் லேம்ப் ஒயர் எப்போதோ அறுந்து ஹூக்கில் சுற்றிக் கிடக்கும். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் தொங்கும் தோகை அதை மூடிவிடும். ராத்திரி ஆலை வாசல் வரிசையில் நிற்கும் டிப்பரில் பின்னால் வரும் பைக் நேராகப் போய்ச் செருகுவது இதனால்தான்.

ஆலைகளையும் ஒன்று கேட்க வேண்டும். எந்த நம்பர் டிராக்டர் யார் வயல் கரும்பைக் கொண்டு வருகிறது, எடை மேடையில் எத்தனை டன் ஏறியது என்று எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் பாலிசி நகலை மட்டும் யாரும் கேட்பதில்லை. அரவைக்கு முன்னால் ஆலை வளாகத்திலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆட்களையும் இன்சூரன்ஸ்காரர்களையும் இரண்டு நாள் உட்கார வைக்கட்டும். டிப்பர் பெயர் மாற்றம், வாடகைக்கான பாலிசி, ஸ்டிக்கர் எல்லாம் அங்கேயே முடியட்டும். செலவை வாடகையில் தவணையாகப் பிடித்துக்கொள்ளட்டும். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப்போகிறேன், கையெழுத்துப் போட வருபவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.