'பேமெண்ட் சக்சஸ்' வந்துவிட்டால் பணம் நம்முடையதா?

ஆன்லைனில் விற்கும் நமக்கு, வாங்குபவரின் கார்டில் 'பேமெண்ட் சக்சஸ்' என்று வந்துவிட்டால் அந்தப் பணத்தை யாரும் திரும்ப எடுக்க முடியாது என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறீர்கள். அண்ணா, தவறாக நினைக்க வேண்டாம், அது அப்படியில்லை. அந்த நேரத்தில் வங்கி அனுமதித்தது என்பதுதான் அதற்குப் பொருள். கார்டுக்காரர் 'இதை நான் வாங்கவில்லை' என்று தன் வங்கியில் புகார் கொடுத்தால் சார்ஜ்பேக் வரும், அதாவது கொடுத்த பணத்தை வங்கி வழியாகத் திரும்ப எடுக்கும் நடவடிக்கை. விசா, மாஸ்டர்கார்டில் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. நம் நாட்டு கார்டில் ஓடிபி போட்டிருந்தால் மோசடி நஷ்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கியைச் சேரும், ஆனால் வெளிநாட்டு கார்டுகள் பல ஓடிபி இல்லாமலே ஓடும், அப்போது நஷ்டம் நம் தலையில்தான்.

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் டான்ஸ் நகைகளை ஆன்லைனில் விற்கிறேன். ஒருமுறை இரண்டு தலைசாமான் (தலையில் அணியும் நகை) செட்டுக்கு ஒரே ஆள் மூன்று கார்டு போட்டு, எல்லாம் ஃபெயில் ஆகி, நாலாவதில் சக்சஸ் ஆனது. கார்டு ஒரு நாடு, முகவரி வேறு நாடு. அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பணமும் போனது, சிவப்புக்கல் பதித்த நெற்றிச்சுட்டியும் போனது.

நீங்களே சரிபார்க்கலாம். உங்கள் பேமெண்ட் கேட்வே (கார்டு பணத்தை வாங்கித் தரும் நிறுவனம்) ஒப்பந்தத்தில் 'சார்ஜ்பேக்' என்று தேடுங்கள், யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும். அப்புறம், சந்தேகமான ஆர்டர் என்றால் பார்சல் கட்டும் முன்பே ரீஃபண்ட் போட்டுவிடுங்கள்.