சத்தத்துக்கு வந்தவர்கள் அலுமாரியை ஏன் திறந்தார்கள்?

சனிக்கிழமை இரவு எங்கள் ஊரில் ஒரு பெடியனின் பிறந்தநாள் வீட்டுக்குப் பாட்டுச் சத்தம் என்று வந்த பொலிஸ், அறைக்குள் போய்ச் சோதித்து, அவனையும் ஏற்றிக்கொண்டு போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே எங்கள் சனம் எழுதியிருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "குடிச்சுக் கூத்தடிச்சால் பொலிஸ் வரும்தானே" என்று எழுதியவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். இரண்டு பேர் சொந்தக்காரர்.

பொலிஸ் வந்தது பிழை என்று நான் சொல்லவில்லை. மூன்று நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் காதில் விழுவதாகத் தெரியவில்லை. இரவு பத்தே முக்காலுக்கு ஸ்பீக்கர் பொக்ஸ் போட்டுப் பாட்டு அடித்தது பிழை. பக்கத்து வீட்டு ஐயா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவருடைய மகன் பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அடித்ததில் ஒரு குற்றமும் இல்லை, நானாக இருந்தாலும் அடித்திருப்பேன். ஒலிபெருக்கி போடுவதற்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரைக்கும் அந்த அனுமதியைக் கொடுக்கக் கூடாது, விசேட நிகழ்வுகளுக்கு மட்டும்தான் விலக்கு என்று உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. அதன்படி பொலிஸ் வந்து எச்சரிக்கலாம். கேட்காவிட்டால் பொக்ஸையே தூக்கிக்கொண்டு போகலாம். இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

சரி, வந்தார்கள். பெடியன் ஓடிப்போய் நிறுத்தினான். வீடியோவில் பாட்டு நின்றது தெளிவாகக் கேட்கிறது. சத்தத்துக்கு வந்தவர்களுக்கு அதோடு வேலை முடிந்தது. பிறகு எதற்கு விறாந்தையைத் தாண்டி அறைக்குள் போனார்கள்? அலுமாரியை எதற்குத் திறந்தார்கள்? கையில் நீதவான் தந்த தேடுதல் ஆணை இருந்ததா? யாராவது குற்றவாளி ஓடி அந்த அறைக்குள் ஒளிந்தானா? ஆளைப் பிடிக்க வீட்டுக்குள் நுழையச் சட்டத்தில் இடம் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் அங்கே அப்படி யாரும் ஒளியவில்லையே. கேக்கும் ரோல்ஸும் வைத்த மேசையைச் சுற்றிப் பதினைந்து பிள்ளைகள் நின்றார்கள், அவ்வளவுதான்.

"வன்னியில் ஐஸ் போதை எவ்வளவு பரவியிருக்கு தெரியுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாதா? இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயத்தோடுதான் நானும் படுக்கிறேன். போதைப்பொருளுக்கும் கசிப்புக்கும் தேடும் அதிகாரம் வேறு சட்டங்களில் பொலிசுக்கு இருக்கிறது. அதற்கும் ஒரு காரணம் வேண்டும். பிடியாணை இல்லாமல் ஒருவரைப் பிடிப்பதென்றால் நியாயமான முறைப்பாடோ நம்பத்தகுந்த தகவலோ நியாயமான சந்தேகமோ இருக்க வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 32ஆம் பிரிவு. வந்த முறைப்பாடு சத்தத்தைப் பற்றியது. பிள்ளைகள் சேர்ந்து ஆடுவது சந்தேகத்துக்குக் காரணமா? 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள், ஆணை இல்லாமல் வீடுகளைச் சோதித்தார்கள். ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம்கூடக் கவலை தெரிவித்தது. அப்போதும் எங்களில் பலர் கைதட்டினோம். இங்கே அலுமாரியில் என்ன கிடைத்தது? தாயின் சேலைகள்.

அடுத்தது, "இரவில் பெட்டைகளுக்கு அங்கே என்ன வேலை". எழுதியவர் ஒரு பெண். வகுப்புத் தோழனின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு வந்திருந்தார்கள், அவன் தாயும் தாயின் தமக்கையும் வீட்டில் இருந்தார்கள். அதை நான் விளக்கவே தேவையில்லை, ஆனாலும் விளக்குகிறேன், ஏனென்றால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இந்த மூன்று நாளும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆண் பொலிஸ்காரர்தான் அவளுடைய கைப்பையைக் கொட்டிப் பார்த்தார். ஒரு பெண்ணைச் சோதனை போடுவதென்றால் பெண்தான் போட வேண்டும், அதுவும் கண்ணியமாக. இதுவும் அதே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. பையைத்தானே பார்த்தார், ஆளை இல்லையே என்று யாரும் வாதாட வர வேண்டாம். அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று பதினான்கு பேர் பார்க்க நின்றவள் அவள்.

பெடியனை ஏற்றிக்கொண்டு போனதற்கு வருகிறேன். "ஒரு இரவு வைத்திருந்துவிட்டு விட்டார்கள்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கத்தல்" என்று கேட்கிறீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அந்தத் தாயின் கணவர் போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடையப் போனவர். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். இன்றுவரைக்கும் வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017இல் தாய்மார் தெருவோரம் குந்தினார்களே, அந்தக் கொட்டிலில் இவரும் இருந்தவர். சனிக்கிழமை இரவு மகனை ஜீப்பில் ஏற்றும்போது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "என்னத்துக்கு, எங்க கொண்டு போறீங்கள்?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மனிசி சந்திவரைக்கும் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறார்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. கொழும்பில் படித்தவர்களுக்கு அது சட்டப் புத்தகத்து வரியாக இருக்கலாம். எங்களுக்கு அப்படி இல்லை. காரணமும் இடமும் சொல்லாமல் ஏற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று வன்னியில் ஒருவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.

காலையில் அவனிடம் வாக்குமூலம் எடுத்திருக்கிறார்கள், சிங்களத்தில். விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. வாசிக்கவில்லை. எதில் கையெழுத்து வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. அது எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலைய மேசைவரைக்கும் எப்போது வரும்?

தாயிடம் சொல்லியிருக்கிறேன். அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அது கொழும்பில். காசும் இல்லை, தெம்பும் இல்லை. ஆனால் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறைப்பாடு போடலாம், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. நான் கூட்டிக்கொண்டு போகத் தயார். அவர் யோசிக்கிறார். இந்த கொமன்ட்டுகளை அவரும் வாசித்திருக்கிறார்.

மச்சாள், நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். "வீட்டு மனிசர் ஒழுங்கென்றால் பொலிஸ் உள்ளே வராது" என்று. 2011இல் என் மகளின் சாமத்தியவீடு தறப்பாள் கொட்டிலில் நடந்தது. வருகிற ஆட்களின் பெயர்ப்பட்டியலை இரண்டு நாளைக்கு முன்பே இராணுவ முகாமில் கொடுத்தோம். அப்படிக் கொடுத்தும் சீருடையோடு இரண்டு பேர் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். சேலை கட்டிய பிள்ளை தலை நிமிரவே இல்லை. அன்றைய படங்கள் இன்னும் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன, ஒன்றைக்கூடச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் அன்று என்ன ஒழுங்கீனம் நடந்தது, மச்சாள்? ஆலாத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தான். கை நடுங்கி அந்தக் கற்பூரம் கீழே விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா?