மஞ்சள் கொடி ஆடினால் குதிக்கக் கூடாது

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிற அந்த 12 நொடி மோட்டோகிராஸ் (மண் பாதையில் மேடுகளைத் தாண்டி ஓட்டும் பைக் பந்தயம்) வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். முன்னால் போகிறவர் ஜம்புக்கு, அதாவது பைக்கோடு பறந்து தாண்டும் மண்மேட்டுக்கு, முன் ஆக்ஸிலரேட்டரை விட்டு, மேட்டில் ஏறி இறங்கி மெதுவாகப் போகிறார், பின்னால் வந்தவர் பறந்து அவரை முந்திவிடுகிறார். கீழே கமெண்ட் முழுக்க "கோழை", "பந்தயத்தை விற்றுவிட்டான்". இரண்டு முறை கடந்து போனேன். மூன்றாவது முறை நெருங்கிய நண்பர் ஒருவரே பகிர்ந்திருந்தார். அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வீடியோவில் இடது ஓரத்தைப் பாருங்கள். மஞ்சள் கொடி ஆடுகிறது. மோட்டோகிராஸ் உலக சாம்பியன்ஷிப் விதியிலேயே இருக்கிறது: மஞ்சள் கொடியை ஆட்டினால் உடனடி ஆபத்து, நிற்கவும் தயாராக இரு, முந்தாதே, குதிக்காதே. ஏன் குதிக்கக் கூடாது? மேட்டுக்கு அந்தப் பக்கம் யார் விழுந்து கிடக்கிறார் என்பது இந்தப் பக்கம் வருகிறவருக்குத் தெரியாது. 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள பைக்கோடு காற்றில் எழும்பிவிட்டால் பிரேக் பிடிக்க ஒன்றுமே இல்லை, எங்கே விழ வேண்டுமோ அங்கேதான் விழும். விழுந்து கிடப்பவருக்கும் பறந்து வருகிறவருக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு கொடி மட்டும்தான்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு கிளப் பந்தயத்தில் ஜம்ப் இறக்கத்தில் விழுந்து, பைக் காலின் மேல் கிடக்க, எழ முடியாமல் கிடந்தேன். மேட்டுக்குப் பின்னால் என்ஜின் சத்தம் நெருங்கி நெருங்கி வருகிறது, ஆள் தெரியவில்லை. அந்தச் சத்தம் இப்போதும் சில இரவுகளில் கேட்கும். அப்புறம் சத்தம் சட்டென்று தணிந்தது. ஒருவர் மேட்டின் மேல் மெதுவாக வந்து, என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனார். அவர் அன்று இழந்தது மூன்றாவது இடத்தை. எனக்கு உடைந்தது காறை எலும்பு மட்டும். இவரையும் கோழை என்பீர்களா?

"மற்றவன் குதித்தானே, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பீர்கள். அவர் செய்தது விதிமீறல். கொடியை மதிக்காதவருக்குத் தண்டனை பந்தயம் முடிந்த பிறகும் வரும், முடிவுக் கோட்டைக் கடந்த வரிசைதான் இறுதி முடிவு என்றில்லை. உங்கள் 12 நொடி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

"சாம்பியன்ஷிப்பில் ஒவ்வொரு புள்ளியும் முக்கியம்" என்கிறார்கள். சரி, அது உண்மைதான், மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பந்தயம், ஒவ்வொன்றும் 30 நிமிடமும் அதற்கு மேல் பாதையை 2 முறை சுற்றுவதும். முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 22, மூன்றாமிடத்துக்கு 20, இப்படியே குறைந்து இருபதாவது ஆளுக்கு 1. 2023லிருந்து சனிக்கிழமை தகுதிப் பந்தயத்திலும் முதல் பத்துப் பேருக்குப் புள்ளி உண்டு. 2014ல் எம்எக்ஸ்2 என்ற, சிறிய என்ஜின் பைக்குகளுக்கான பிரிவில் முன்னணியில் இருந்த நெதர்லாந்து வீரர் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் தொடை எலும்பு முறிந்து, அந்த வருடத் தொடரில் சில வாரப் போட்டிகளைத் தவறவிட்டு, முழுதாக ஆறாத காலோடு கடைசிப் போட்டிக்கு வந்தும் பட்டத்தை ஜோர்டி டிக்சியேவிடம் 4 புள்ளியில் இழந்தார். 4 புள்ளி எவ்வளவு பெரியது என்று எனக்கும் தெரியும். அது தெரிந்தும் ஒருவர் ஆக்ஸிலரேட்டரை விட்டார் என்றால் அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! அதே ஹெர்லிங்ஸ் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரே ஒரு எலும்பு முறிந்தால் மொத்த வருடமும் போய்விடும். முறிவது விழுந்து கிடப்பவரின் எலும்பாகவும் இருக்கலாம்.

"நாங்கள் சாகசம் பார்க்கத்தான் வருகிறோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. படித்தபோது வலித்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்தக் கொடியைப் பிடித்திருந்தவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை எழுதினீர்களா? நாள் முழுக்கப் புழுதியில், சேற்றில், பைக்குகள் பறந்து விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். அன்று என் காலின் மேலிருந்து பைக்கைத் தூக்கியவரும் அப்படி ஒருவர்தான். முகம்கூட நினைவில்லை, கையில் சுருட்டிப் பிடித்திருந்த அந்த மஞ்சள் துணி மட்டும் நினைவிருக்கிறது. நன்றி சொல்லக்கூட முடியாமல் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

"கோழை" என்று எழுதியவர்களில் இரண்டு பேர் என்னோடு பைக் ஓட்டியவர்கள். உங்கள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அந்த வீடியோவை இன்னொரு முறை, இடது ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு, அந்த கமெண்டை எடுத்துவிடுங்கள்.