நடுவர்கள் நடுப்பக்கத்தை விரித்துப் பார்த்தார்களா?
தேசிய நூல் தயாரிப்புப் போட்டியின் இறுதிப் பட்டியலில் தமிழுக்கு ஒரே ஒரு படப் புத்தகம். அச்சு அருமை; பைண்டிங்தான் சொதப்பல். 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பரை, அதாவது வழவழப்பான பூச்சுத் தாளை, தைக்காமல் வெறும் ஹாட்மெல்ட் பசையில் (சூட்டில் உருக்கித் தடவும் பசை) ஒட்டியிருக்கிறார்கள். பூச்சுத் தாளில் பசை நாருக்குள் சரியாக இறங்காது. நடுப்பக்கத்தை நாலு தடவை விரித்தால் தாள் கையோடு வந்துவிடும். 16 பக்க ஃபாரமாக (ஒரே தாளை மடித்து வரும் பக்கத் தொகுதி) மடித்துத் தைத்திருந்தால் நிற்கும்.

தாளின் நார்கள் ஓடும் திசையும் புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே போனால் புதுச்சேரி ஈரக்காற்றுக்கு முதுகோரம் அலையலையாக எழும்பும். சந்தேகமா? தாள் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழல்போல் சுருளும், குழலின் நீளவாக்குதான் நார்த்திசை. (நம்மூர் அரவிந்தர் ஆசிரமத்தில் கையால் செய்யும் தாளுக்கு இந்தத் தலைவலி குறைவு. சல்லடைச் சட்டத்தில் கூழை அள்ளும்போது நார் எல்லாப் பக்கமும் கிடக்கும்.) நடுவர்கள் அட்டையோடு நின்றுவிட்டார்கள் போல.