எல்லிஸ் தீவுப் பதிவேட்டில் பெயர் இல்லாததற்கு வேறு காரணம் உண்டு

1847 இல் அயர்லாந்திலிருந்து அமெரிக்கா சென்ற மூதாதையரின் பெயர், நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் பதிவேட்டில் கிடைக்காவிட்டால், அங்கிருந்த அதிகாரிகள் அதை மாற்றி எழுதிவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும் என ஒரு நண்பர் கூறியிருப்பது சரியன்று. எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய காசில் கார்டன் நிலையமே 1855 இல்தான் தொடங்கியது என்பதால், 1840களின் பிற்பகுதியில் அயர்லாந்தைத் தாக்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது நியூயார்க் வந்தவர்கள் இவ்விரண்டையும் கண்டிருக்கவே முடியாது.

அவர்களைத் தேட வேண்டிய இடம் சுங்கத்துறைப் பயணிகள் பட்டியல்கள். 1819 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1820 முதல் கப்பல் தலைவர்கள் இறங்கு துறைமுகத்தில் இவற்றை ஒப்படைத்தார்கள். எஞ்சியவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆனால் பிறந்த ஊரை இவற்றில் எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்று மட்டுமே இருக்கும். பேட்ரிக் மர்பி போன்ற பெயர்கள் மலிந்திருக்கும் இடத்தில், வயதும் உடன் பயணித்தோரின் பெயர்களுமே துணை. பலர் லிவர்பூல் சென்று அங்கிருந்தே கப்பலேறினார்கள் என்பதால், ஐரியத் துறைமுகங்களோடு தேடலை நிறுத்துவதும் பிழை.

பெயர் மாற்றக் கதை பிற்காலத்துக்கும் பொருந்தாது. பட்டியலைக் கப்பல் நிறுவனமே எழுதியது, எல்லிஸ் தீவு அதிகாரிகள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். கட்டணம் குறைவென்று கனடாவின் கியூபெக்கில் இறங்கித் தரைவழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தவர்களும் ஏராளம். அந்த எல்லையில் முறையான பதிவு 1895 இல்தான் தொடங்கியது.