விலை மட்டுமல்ல, கிளாஸும் சுருங்கிவிட்டது

பெங்களூரு மைக்ரோபுரூவரிகளில், அதாவது அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற கடைகளில், பீர் விலை ஏறியதற்கு வரியும் இறக்குமதி மால்ட்டும் (பீர் காய்ச்சுகிற முளைகட்டிய தானியம்) தான் காரணம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அது பாதிதான் சரி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அப்படி ஒரு கடைக்கு 2016-ல் இருந்து போகிறேன். அப்போது அரை லிட்டர் கோதுமை பீர் 250 ரூபாய். கிளாஸை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாலே வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், இரண்டையும் போடுவதே இல்லை, எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை என்று அங்கே பீர் காய்ச்சுகிற தம்பிதான் தொட்டியைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

போன மாதம் போனால் அதே பீர் 425 ரூபாய், கிளாஸோ 330 மில்லி. மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இரண்டரை மடங்குக்கு மேல். சரி, பீருக்குக் கசப்பு கொடுக்கிற ஹாப்ஸ் பூ வெளிநாட்டிலிருந்து வருகிறது, கலால் வரி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டில் கிடையாது, லாரி வாடகை கிடையாது, இடையில் ஒரு வியாபாரியும் கிடையாது, தொட்டியிலிருந்து நேரே மேசைக்கு வருகிற பீர் இது. அப்புறம் கேட்காமலே பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அப்படித் தானாகச் சேர்க்கக்கூடாது என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது, ஆனாலும் எடுக்கச் சொன்னால் மேனேஜர் முகம் மாறுகிறது.

தொட்டி தெரிகிற கண்ணாடியை மறைத்துப் பெரிய திரை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தம்பியும் வேலையை விட்டுப் போய்விட்டாராம். மனசு கேட்கவில்லை, ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.